2030க்குப் பிறகு: உலக நலவாழ்வுக்கு எந்த இலக்கை வைப்பது?

2027 செப்டம்பரில் ஐ.நா.வில் ஒரு பேச்சு தொடங்க வேண்டும். 2024இல் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட 'எதிர்காலத்துக்கான உடன்படிக்கை' அதற்கு நாள் குறித்திருக்கிறது. 2015இல் ஐ.நா. நாடுகள் ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளின் கெடு 2030இல் முடிகிறது. அதன் பிறகு என்ன என்பதுதான் கேள்வி. நலவாழ்வைப் பொறுத்தவரை ஐந்து வழிகளை எண்ணிப் பார்க்கலாம். இருக்கும் இலக்குகளுக்கே கெடுவை நீட்டுவது ஒன்று. நோய்வாரியாக இலக்கு வைப்பது இன்னொன்று. அனைவருக்கும் மருத்துவ வசதி என்பதையே ஒரே இலக்காக்குவது மூன்றாவது. அகால மரணம் என்ற ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்வது நான்காவது. நோயை உண்டாக்கும் பொருள்களைச் சட்டத்தால் ஒழிப்பது ஐந்தாவது. ஐந்தையும் ஒரே அறிக்கையில் எழுதிவிட்டால் யாருக்கும் மனக்குறை இராது. 2015இல் அப்படித்தான் எழுதினார்கள்: மொத்தம் 17 இலக்குகள், 169 உட்பிரிவுகள், அவற்றில் நலவாழ்வுக்கான மூன்றாவது இலக்குக்கு மட்டும் 13.

விளைவு கண்முன் இருக்கிறது. லட்சம் பிரசவத்துக்கு 70க்குக் கீழே கொண்டுவர வேண்டிய பேறுகால இறப்பு, 2023இல் 197ஆக இருந்தது. அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 2,60,000 பெண்கள் இறந்தார்கள். எந்த நாட்டிலும் ஆயிரத்துக்கு 25ஐத் தாண்டக்கூடாது என்று சொல்லப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு, 2023இல் உலக சராசரியில் 37. சாலை விபத்துச் சாவுகள் 2020க்குள் பாதியாக வேண்டும் என்றார்கள், 2021இல் 11.9 லட்சம் பேர் இறந்தார்கள், 2010ஐவிட ஏறத்தாழ 5 விழுக்காடுதான் குறைவு. 2020 கடந்தபோது என்ன ஆயிற்று? கெடுவை 2030க்கு மாற்றினார்கள். யாரும் யாரையும் கேள்வி கேட்கவில்லை.

ஆகவே முதல் வழியை அதிகம் பேசாமல் ஒதுக்கிவிடலாம். கெடுவைத் தள்ளிவைத்தால் அரசுகளுக்கு அலைச்சல் மிச்சம், அவ்வளவுதான். பதிமூன்று பேரிடம் ஒப்படைத்த வேலை யாருடைய வேலையும் இல்லை. மற்ற நான்கையும் எடைபோட நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோலும் இதிலிருந்தே பிறக்கிறது: இலக்கு தவறினால் யாரைக் கேட்பது, எதைக் காட்டிக் கேட்பது?

நோய்வாரியாக

இந்த அளவுகோலில் எளிதாகத் தேறிவிடுகிறது இரண்டாவது வழி. அதன் பெருமையெல்லாம் பெரியம்மையிலிருந்து வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 1967இல் தீவிர ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை அந்நோய் தாக்கிக்கொண்டிருந்தது. இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977 அக்டோபரில் சோமாலியாவில் கண்டறியப்பட்டார். 1980 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை நோய் ஒழிந்ததாக அறிவித்தது. மொத்தச் செலவு சுமார் 30 கோடி டாலர். ஒரு போர் விமானப் படைக்கு ஆகும் செலவுகூட இல்லை.

ஆனால் பெரியம்மை எளிதில் சிக்கக்கூடிய எதிரி. கொப்புளம் முகத்திலேயே தெரியும். படத்தைக் காட்டிச் சிறுவனிடம் கேட்டாலும் எந்த வீட்டில் நோய் என்று சொல்லிவிடுவான். விலங்குகளில் ஒளிந்திருக்காது. அறிகுறி இல்லாமல் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவது மிக அரிது. தடுப்பு மருந்து உறைநிலையில் உலர்த்தப்பட்டது, வெயிலைத் தாங்கும். முனை இரண்டாகப் பிளந்த ஒரு சிறு ஊசியை மருந்தில் தோய்த்தால் முனைகளுக்கிடையே ஒருவருக்குத் தேவையான துளி நிற்கும். தோலில் பதினைந்து முறை குத்தினால் போதும். அதைச் செய்ய மருத்துவர் வேண்டியதில்லை, சிறிது நேரப் பயிற்சி போதும்.

போலியோவை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1988இல் தீர்மானம் போட்டபோது 2000க்குள் முடித்துவிடலாம் என்று கணக்கிட்டார்கள். அப்போது ஆண்டுக்கு 3,50,000 குழந்தைகள் வாதத்தால் முடங்கினார்கள். இன்று இயற்கை வைரஸ் நிலையாகப் பரவுவது பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் மட்டுமே. மகத்தான சாதனை, மறுக்க முடியாது. ஆனால் 2023இல் 12ஆக இருந்த நோயாளிகள் 2024இல் 99 ஆனார்கள். இதுவரை 2,000 கோடி டாலருக்கு மேல் செலவாகியிருக்கிறது. காரணம் சோம்பல் அல்ல. தொற்றியவர்களில் இருநூறில் ஒருவருக்குத்தான் கைகால் முடங்கும். மற்ற 199 பேரும் ஓடியாடிக்கொண்டே கிருமியைப் பரப்புவார்கள். கண்ணுக்குத் தெரியாத எதிரியைத் துரத்த ஒவ்வொரு வீட்டுக் கதவையும் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டியிருக்கிறது. போர் நடக்கும் இடத்தில் கதவு திறப்பதில்லை.

நோய்வாரி இலக்கின் ஆதரவாளர்கள் இன்னொரு வாதமும் சொல்வார்கள்: பணம் வருவது இதற்குத்தான். உண்மை. இப்போதைய இலக்குகளுக்கு முன்பு, 2000ஐ ஒட்டி வகுத்து 2015இல் கெடு முடிந்த புத்தாயிரமாண்டு வளர்ச்சி இலக்குகளில் எய்ட்ஸும் மலேரியாவும் பெயர் சொல்லி இடம்பெற்றன; எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியம் 2002இல் வந்தது, அமெரிக்காவின் எய்ட்ஸ் உதவித் திட்டம் 2003இல் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2003 இறுதியில், 2005க்குள் 30 லட்சம் பேருக்கு எய்ட்ஸ் மருந்து என்று முழங்கியது. கெடு முடிந்தபோது 13 லட்சத்தைத்தான் தொட்டார்கள். 30 லட்சம் 2007இல்தான் எட்டியது. தோல்வி என்று சிலர் எழுதினார்கள். இலக்கு என்று ஒன்று இருந்ததால்தான் அந்த எண்ணிக்கையே கிடைத்தது என்பது என் கட்சி. பெயரும் எண்ணும் கெடுவும் இருந்தால் தவறியவரைக் கைகாட்ட முடிகிறது.

பெயர் இடம்பெறாத நோய்களின் கதி என்ன? மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை நோய், புற்றுநோய் உள்ளிட்ட தொற்றா நோய்களால் 2021இல் மட்டும் குறைந்தது 4.3 கோடிப் பேர் இறந்தார்கள். 2000ஆம் ஆண்டின் பட்டியலில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. 2015இல் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் பணம் பழைய பட்டியலையே சுற்றுகிறது. அத்துடன், தருகிற கை ஒன்றிரண்டாக இருப்பதும் ஆபத்து. 2025இல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்தியபோது பல நாடுகளில் எய்ட்ஸ் மருந்தகங்கள் ஒரே வாரத்தில் பூட்டப்பட்டன. தனிச் சம்பளப் பட்டியல், தனிக் கிடங்கு, தனி வண்டி என்று நடந்த திட்டங்களுக்குத் தாங்கிப்பிடிக்க உள்ளூர் அமைப்பு இல்லை.

அனைவருக்கும் மருத்துவ வசதி

இந்த இடத்தில்தான் மூன்றாவது வழிக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். அவர்களின் வாதம் 1978 செப்டம்பரிலிருந்து தொடர்கிறது. அன்றைய சோவியத் நாட்டின் அல்மா அட்டாவில் 134 நாடுகள் கூடி, 2000க்குள் அனைவருக்கும் நலவாழ்வு என்று அறிவித்தன. ஆரம்ப சுகாதாரம்தான் வழி என்றன. மறு ஆண்டே இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய கொடையாளர்களும் நிபுணர்களும் இது மிக விரிவானது, செலவு தாங்காது, எண்ணிப் பார்க்க முடியாது என்று முடிவுகட்டி, தேர்ந்தெடுத்த சில சிகிச்சைகளுக்குத் திரும்பினார்கள். அல்மா அட்டா சோதித்துப் பார்க்கப்பட்டுத் தோற்கவில்லை, சோதிக்கப்படவே இல்லை என்று அதன் அன்பர்கள் இன்றும் சொல்வார்கள். பாதி சரி.

அந்தப் பாதிக்கு ஒரு சான்று. பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப்போக்கால் ஆண்டுக்கு ஏறத்தாழ 70,000 பெண்கள் இறக்கிறார்கள். 500 மில்லி தாண்டினால் ஆபத்து என்பது எல்லா மருத்துவச்சிகளுக்கும் தெரியும். ஆனால் துணியிலும் தரையிலும் பரவும் இரத்தத்தைக் கண்ணால் பார்த்து அளவு சொல்ல முடியாது. பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுவார்கள். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. செய்தது இதுதான்: பெண்ணின் இடுப்புக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன் முனையில் கோடு போட்ட பை. இரத்தம் கோட்டைத் தொட்டதும் கருப்பையை நீவிவிடுதல், அதைச் சுருங்கவைக்கும் மருந்து, உறைந்த இரத்தம் கரையாமல் தடுக்கும் மருந்து, நரம்புவழித் திரவம், உள் பரிசோதனை என ஐந்தும் காத்திருக்காமல் ஒன்றாக. கடும் இரத்தப்போக்கும் அதையொட்டிய கேடுகளும் 60 விழுக்காடு குறைந்தன.

பை மலிவு. ஆனால் அந்த ஐந்தில் ஒன்றான, கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். அதற்குக் குளிர்பதனப் பெட்டி வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும், நள்ளிரவிலும் விழித்திருக்கும் ஒரு மருத்துவச்சி வேண்டும், அவளுக்கு மாதாமாதம் சம்பளம் வர வேண்டும். பேறுகால இறப்புக்குத் தனித் திட்டம் போட்டு இதை வாங்கிவிட முடியாது. புத்தாயிரமாண்டு பட்டியலின் குழந்தை இறப்பு இலக்கும் பேறுகால இறப்பு இலக்கும் 2015இல் தவறினாலும் ஒன்றுபோலத் தவறவில்லை. 1990இலிருந்து மூன்றில் இரண்டு பங்கு குறைய வேண்டிய குழந்தை இறப்பு 53 விழுக்காடு குறைந்தது. நான்கில் மூன்று பங்கு குறைய வேண்டிய பேறுகால இறப்பு ஏறத்தாழ 44 விழுக்காட்டில் நின்றது. தடுப்பூசியை முகாம் போட்டுக் கொடுக்கலாம். பிரசவத்தை முகாம் போட்டுப் பார்க்க முடியாது.

அப்படியானால் மூன்றாவது வழிதானே விடை? எனக்கு அதில் ஒரு தடை இருக்கிறது. முறையாக அது சரி; இலக்காக நிற்காது. மருத்துவ வசதி எந்த அளவு பரவியிருக்கிறது என்பதை 14 அளவீடுகளைக் கலந்து நூற்றுக்கு இத்தனை என்று குறியீடாகச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் 2023இல் வெளியிட்ட அறிக்கையில் அது 68. அறுபத்தெட்டு என்றால் என்ன? எந்த அமைச்சர் அதற்காகப் பதவி இழப்பார்? எந்த ஊர்க்காரர் அதைக் காட்டிச் சண்டை போடுவார்?

இதைவிட மோசமானது செலவுச் சுமையை அளக்கும் விதம். குடும்பச் செலவில் 10 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவத்துக்குப் போனால் அந்தக் குடும்பம் துன்பத்தில் இருப்பதாகக் கணக்கு. பல ஆண்டுகளாக இதுதான் வழக்கிலிருந்த அளவுகோல். காசில்லாததால் மருத்துவமனைக்கே போகாத ஒருவர் இதில் எங்கே வருவார்? செலவு பூஜ்யம், ஆகவே துன்பமும் பூஜ்யம். மருத்துவமனை இன்னும் தூரமாகி, மக்கள் போவதையே விட்டுவிட்டால் அளவீடு முன்னேற்றம் காட்டும். இந்த ஓட்டையை வைத்துக்கொண்டு உலகத்துக்கே ஒரு இலக்கு வைப்பது சரியல்ல.

தாய்லாந்தைக் காட்டுவார்கள். 2002இல் 30 பாட் கட்டணத்தில் எல்லோருக்கும் சிகிச்சை என்று கொண்டுவந்தார்கள், வென்றார்கள். உண்மைதான். ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே அங்கே மாவட்ட மருத்துவமனைகள் கட்டப்பட்டன, இளம் மருத்துவர்கள் கிராமங்களில் கட்டாயப் பணி செய்தார்கள். காப்பீட்டு அட்டை கடைசிப் படி. பல நாடுகள் கடைசிப் படியிலிருந்து தொடங்குகின்றன: அட்டை கையில் இருக்கிறது, அதை நீட்ட மருத்துவமனை இல்லை.

ஒரே எண்

நான்காவது வழி இந்த ஐந்தில் இளையது. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் ஒன்று 2024 அக்டோபரில் முன்வைத்தது: எழுபது வயதுக்கு முன் இறக்கும் வாய்ப்பை 2050க்குள் பாதியாகக் குறைப்பது. பதினைந்து நோய்களிலும் நிலைகளிலும் கவனம் வைத்தால் போதும் என்கிறது அந்த அறிக்கை. 1970க்குப் பிறகு 37 நாடுகள் முப்பது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. அவற்றில் ஜப்பானும் இத்தாலியும் உண்டு, வங்கதேசமும் ஈரானும் உண்டு. பணக்கார நாடுகளின் தனிச்சொத்து அல்ல.

இதில் எனக்குப் பிடித்தது, இலக்கு எல்லா நாடுகளையும் ஒரே மாதிரி உறுத்துகிறது. குழந்தை இறப்புக்கு 25 என்று எல்லை வைத்தால், ஏற்கெனவே 5இல் இருக்கும் நாட்டுக்கு வேலையே இல்லை. அந்த நாட்டு அமைச்சர் கூட்டத்துக்கு வந்து பிறருக்கு அறிவுரை சொல்லிவிட்டுப் போகலாம். அகால மரணத்தைப் பாதியாக்கு என்றால் அவரும் வேலை செய்ய வேண்டும்: புகையிலை, உடற்பருமன், போதை மருந்து, துப்பாக்கி. தவிர, எந்த நோயைப் பிடிப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தன் சாவுகளைப் பார்த்து முடிவு செய்யலாம். மலேரியா சாகடிக்கும் நாடு மலேரியாவைப் பிடிக்கும், பக்கவாதம் சாகடிக்கும் நாடு இரத்த அழுத்தத்தைப் பிடிக்கும்.

விழுக்காட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. புத்தாயிரமாண்டு இலக்குகள் அதில் சிக்கின. ஆயிரத்துக்கு 300 குழந்தைகளை இழந்த ஒரு நாடு அதை 120ஆகக் குறைத்தால் ஆயிரத்துக்கு 180 உயிர்கள் மிச்சம். ஆனால் குறைவு 60 விழுக்காடுதான், ஆகவே தோல்வி. 15இலிருந்து 5க்கு வந்த நாடு பத்து உயிர்களைக் காத்து வெற்றிப் பட்டியலில் ஏறிவிடும். இதனால் ஆப்பிரிக்க நாடுகள் பல, தங்கள் வரலாற்றிலேயே மிக வேகமாக முன்னேறிய ஆண்டுகளில் தோற்றவை என்று பெயர் வாங்கின. அகால மரணத்துக்கு இலக்கு வைத்தாலும் இது திரும்பும். விழுக்காட்டோடு காப்பாற்றிய உயிர்களின் எண்ணிக்கையையும் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை, சாவை மட்டும் எண்ணுவது. மனச்சோர்வு பெரும்பாலும் கொல்வதில்லை, வாழ்வைத் தின்கிறது. 2019இல் உலகில் ஏறத்தாழ 97 கோடிப் பேர் ஏதோ ஒரு மனநலச் சிக்கலோடு வாழ்ந்தார்கள். முதுகுவலி, பார்வைக் குறைவு, காது கேளாமை, எழுபத்தொரு வயதுக்காரரின் மூட்டு, எதுவும் இந்த எண்ணில் இல்லை. நோயின்றி வாழும் ஆண்டுகளை எண்ணலாமே என்பார்கள். அந்த எண்ணிக்கை இருக்கிறது, ஆனால் அது மதிப்பீடுகளின் மேல் கட்டிய மதிப்பீடு. சாவுகளையே நாம் ஒழுங்காக எண்ணுவதில்லை. உலகில் பத்தில் நான்கு சாவுகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆப்பிரிக்காவில் பத்தில் ஒன்றுதான் பதிவாகிறது.

சட்டத்தால் ஒழிப்பது

இது உண்மையில் ஒரு முழு இலக்கு அல்ல. ஆனால் காசுக்கு இவ்வளவு பலன் தரும் வேறெதுவும் இல்லை என்பதால் விட மனமில்லை. ஈயம் கலந்த பெட்ரோலை ஒழிக்க ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2002இல் இயக்கம் தொடங்கியது. கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் விற்பனையை நிறுத்தியது. ஒரு மருத்துவமனைகூடக் கட்டவில்லை. ஆண்டுக்கு 12 லட்சம் அகால மரணங்கள் தவிர்வதாக அந்த அமைப்பு மதிப்பிடுகிறது. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தடைசெய்தபோது 1995க்கும் 2015க்கும் இடையே தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. விளைச்சலும் கெட்டுவிடவில்லை.

இந்த வழி என் அளவுகோலில் முதல் மதிப்பெண் வாங்குகிறது. சட்டம் போட்டார்களா, இல்லையா? ஆம் அல்லது இல்லை. மதிப்பீட்டுக் குழு வேண்டாம். ஆனால் பிரசவ மேசையில் இரத்தம் கொட்டும்போது எந்தச் சட்டமும் உதவாது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம்: தொழிற்சாலையில் எண்ணெயைக் கெட்டிப்படுத்தும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, ஈயப் பெயிண்ட், புகையிலை வரி, கொடிய பூச்சிமருந்து என நான்கைந்து சட்டங்களுக்கு மட்டும் தனிக் கெடு.

என் வாக்கு

ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான்காவது வழி. அகால மரணம் என்ற எண்ணை மேலே வைத்து, அதை நோக்கிப் போகும் பாதையாக ஆரம்ப சுகாதாரத்தை ஒவ்வொரு நாட்டின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். பாதையை இலக்காக எழுத வேண்டாம். எழுதினால் பாதை போட்டதையே சாதனையாகக் காட்டுவார்கள். நோய்வாரி இலக்குகளில் போலியோவை மட்டும் வைத்துக்கொள்வேன், ஏனெனில் அதில் பாதியில் விட்டால் முன்பு செலவழித்ததும் வீண். காசநோயும் மலேரியாவும் அகால மரணக் கணக்கிலேயே தாமாக வந்துவிடும். எய்ட்ஸ் ஆர்வலர்களுக்கு இது கசக்கும் என்று தெரிகிறது. பெயர் போனால் பணமும் போகும் என்ற அவர்கள் பயம் நியாயமானது. அதற்கு மாற்று, கொடையாளர்களின் பங்களிப்பைச் சில ஆண்டுகளுக்கு முன்கூட்டியே உறுதிசெய்து, மெல்ல உள்நாட்டு நிதிக்கு மாற்றுவது. திடீர் நிறுத்தம் எந்தத் திட்டத்துக்கும் ஆகாது.

மனநலத்தையும் முதுமையையும் விட்டுவிடுவதில் எனக்கு உறுத்தல் இருக்கிறது. ஆனால் அளக்க முடியாத ஒன்றை இலக்கில் சேர்த்தால் அதற்கு மரியாதை கிடைக்கிறது, மருந்து கிடைப்பதில்லை, 2015இல் பார்த்தாயிற்று.

பேச்சில் கடைசியாக வரும், யாரும் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது: அடிப்படை ஆண்டு. புத்தாயிரமாண்டு இலக்குகளை வகுத்தது 2000 செப்டம்பர் பிரகடனத்தை ஒட்டி. கணக்கைத் தொடங்கியதோ 1990இலிருந்து. பத்தாண்டு முன்னேற்றம் தொடங்கும் முன்பே வரவில் ஏறிவிட்டது. இம்முறை ஆபத்து வேறு. கொரோனாவால் உலக சராசரி ஆயுள் 2019க்கும் 2021க்கும் இடையே 1.8 ஆண்டு குறைந்து 71.4 ஆயிற்று. 2021ஐ அடிப்படையாக வைத்தால், தொற்று ஓய்ந்ததே பெரும் சாதனையாகத் தெரியும். ஒரு விரலையும் அசைக்காத அரசுகள்கூட முதல் அறிக்கையில் முன்னணியில் நிற்கும். 2019ஐ வைத்தால் அந்தச் சலுகை இல்லை. பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள் வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் இந்த ஆண்டில் விட்டுக்கொடுக்கக்கூடாது. கூடவே, 2030க்கும் 2050க்கும் இடையே ஐந்தாண்டுக்கு ஒரு இடைநிலை எண்ணையும் எழுதி வாங்க வேண்டும். 2050இல் பதில் சொல்ல வேண்டிய அமைச்சர்கள் யாரும் இன்று பதவியில் இல்லை. 2035இல் பதில் சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருக்கலாம்.